சைல்டு தீமில் இல்லாத வரி

1

இந்தக் கதை நான் செய்த ஒரு தப்பிலிருந்து வந்தது. தப்பை ஒரு பெண்ணின் தலையில் கட்டிவிட்டேன். அவள் வெப்சைட் பழுது பார்க்கிறவள். பிடித்த வேலையை விடமாட்டாள் என்பதால் கூட்டாளிகள் வைத்த பெயர் கிடுக்கி.

தொழில் விவரம் கொஞ்சம் தெரிந்தால் போதும். வெப்சைட்டின் தோற்றத்தைத் தருவது தீம். தீம் செய்யும் கம்பெனி கொடுப்பது பேரண்ட் தீம். நம் கைவேலைக்கு அதன்மேல் ஒரு சைல்டு தீம். இரண்டையும் ஏற்ற வேண்டும். ஆக்டிவேட் செய்வது சைல்டை மட்டும். சைல்டில் இல்லாததெல்லாம் பேரண்டிலிருந்து வரும். கம்பெனி அப்டேட் அனுப்பினால் பேரண்டின் பழைய கோப்புகள் துடைத்தெடுக்கப்படும். அதனால் பேரண்டில் யாரும் கைவைக்கக் கூடாது.

(வைப்பார்கள்.)

2

"பாழடைந்த அந்தக் கடைக்குள் காற்று"

வேண்டாம். கடை பாழடையவில்லை. காலை பதினொரு மணி, நல்ல வெளிச்சம். சுவரில் பதினேழு கடிகாரங்கள், ஆளுக்கொரு நேரம். கடிகாரக்காரர் இறந்து நான்கு மாதம். வெப்சைட்டை அவரே தட்டுத் தடுமாறிக் கட்டியிருந்தார். தீம் பழசு, இன்றைக்குள் அப்டேட் செய்யாவிட்டால் முடக்கிவிடுவோம் என்று சர்வர்காரர்கள் எழுதியிருந்தார்கள். அவர் மனைவி கிடுக்கியைக் கூப்பிட்டார்.

"எதை வேணா மாத்திக்கோம்மா. அடியில ஒரு வரி இருக்கும் பாரு, அதை மட்டும் தொட்டுடாத."

கிடுக்கி படித்தாள்: சாவி கொடுத்தாச்சு, மெதுவா வாங்க.

"சார் எழுதினதாக்கா?"

"வேற யாரு? கடைக்கு வர்றவங்களுக்குச் சொல்ற மாதிரி இருக்கும். என்னைத்தான் கிண்டல் பண்றார், நான் எங்க போனாலும் லேட்டு. முப்பது வருஷத்துல எனக்குன்னு ஒரு துண்டுச் சீட்டு எழுதினதில்ல அந்த மனுஷன். இது ஒண்ணுதான். தினமும் திறந்து பார்த்துக்குவேன்."

"தொடவே மாட்டேன்கா."

3

தொடவில்லை என்றுதான் அவளும் நினைத்தாள். சைல்டு தீமை ஏற்றினாள். பேரண்டுக்கு அப்டேட்டை அழுத்தினாள். அந்த மனிதர் வரியைப் பேரண்டின் கோப்புக்குள்ளேயே எழுதியிருப்பார் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பேக்கப் எடுக்கவில்லை. பக்கத்தைத் திறந்தால் அடியில் வெறுமை.

[இங்கே அவளுக்கு வியர்த்தது என்று எழுதியிருந்தேன். பொய். இந்த மாதிரி நேரத்தில் கை குளிர்ந்துதான் போகும்.]

அதே வரியைச் சைல்டு தீமில் தானே தட்டினாள். ஆக்டிவேட் செய்தாள்.

"முடிஞ்சுதுக்கா. பாருங்க."

மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைத் திறந்தார். வெகு நேரம் பார்த்தார்.

"ரெண்டாவது வரி எதுக்கும்மா?"

"ரெண்டாவதா?"

கிடுக்கி எட்டிப் பார்த்தாள்.

சாவி கொடுத்தாச்சு, மெதுவா வாங்க.
இதை நான் எழுதலை.

சைல்டில் தேடினாள், ஒரு வரிதான் இருந்தது. பேரண்டில் தேடினாள், கம்பெனிச் சரக்கு, ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை. தன் போனில் திறந்தாள். அங்கேயும் இரண்டு வரி.

4

முதல் பிரதியில் இரண்டாவது வரி கிடையாது. மனைவி படித்துச் சிரிப்பார், கிடுக்கி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள். நிஜத்தில் நானும் அப்படித்தான் வரியை நானே தட்டிவிட்டு, சொல்லாமல் கிளம்பினேன். மறுநாள் பிரதியைத் திறந்தபோது மனைவி சிரிக்கவில்லை. நான் தட்டாத ஒரு வரியைப் படித்துக்கொண்டிருந்தார். அழித்தேன். மறுபடி திறந்தால்

சரி, இருக்கட்டும். இந்தக் கதையில் நான் எழுதாதது எங்கிருந்து வருகிறது என்று தேடுவதை விட்டுவிட்டேன்.

5

முடிவு ஒன்று: சர்வர் கோளாறு என்று கிடுக்கி சமாளிக்கிறாள். எழுதிப் பார்த்தேன். மனைவி தலையாட்டிவிட்டு மெல்லக் கேட்கிறார்: "அப்ப நாலு மாசமா நான் பார்த்துக்கிட்டு இருந்தது? அதையும் அவர் எழுதலையா?"

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறாள். இதை நான்கு முறை ஆரம்பித்தேன். ஒவ்வொரு முறையும் இவ்வளவுதான் வருகிறது:

"அக்கா, இன்னைக்குக் காலைல வரைக்கும் இருந்த வரி"

மிச்சத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொன்னால் அந்த அம்மாள் உங்களை வெளியே போகச் சொல்வார். சொல்லாவிட்டால், அந்த மனிதர் தன் மனைவிக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை என்றாகிவிடும்.

சீக்கிரம் சொல்லுங்கள். அந்த அம்மாள் இன்னும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். மூன்றாவது வரி வருவதற்குள்.