வெள்ளைக் குச்சிக்கு அப்பால்

விளையாட்டு என்றால் நடுவர் வேண்டும். நடுவர் என்றால் அவரைத் திட்டுவதற்கு ஒரு கூட்டம் வேண்டும். இவ்விரண்டும் இல்லாத இடத்தில் நடப்பது விளையாட்டன்று, முன்கூட்டியே பேசி முடித்த ஏதோ ஓர் ஏற்பாடு. அப்பாதுரையின் இந்தக் கருத்தை யாராலும் அசைக்க முடிந்ததில்லை.

அவர் பெரிய ரசிகர் அல்லர். தொலைக்காட்சியில் கிரிக்கெட் ஓடினால் பார்ப்பார். பெருங்களத்தூரில் கபடி நடந்தால் போய் நிற்பார். ஞாயிற்றுக்கிழமை பீர்க்கன்கரணை ஏரிக்கரை மைதானத்தில் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட் என்றால் தவற விடமாட்டார். மறைமலை நகரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை. வருகிற ஒவ்வொரு பாகத்தையும் குற்றவாளியாகக் கருதிக் கையில் எடுத்து, நிரபராதி என்று நிரூபணமான பிறகே கீழே வைப்பது அவர் தொழில். மனிதர்களையும் அவர் அப்படித்தான் கையில் எடுத்தார்.

அத்தகைய மனிதரின் மகள் சினேகா கோல்ஃப் ஆடினாள். தாம்பரத்தில் அவள் படித்த கல்லூரியில் இலவசப் பயிற்சி என்று அறிவித்தார்கள். வேடிக்கையாகச் சேர்ந்தவளுக்குக் கை பழகிவிட்டது. மாநில மகளிர் அணியில் ஓர் இடம் மட்டுமே மீதம் இருந்தது. அதற்கான தேர்வுப் போட்டியின் கடைசி நாளில் அந்த இடத்துக்கு இருவரே மிஞ்சியிருந்தனர். ஒருத்தி சினேகா. மற்றவள் ஜெயஸ்ரீ. ஜெயஸ்ரீயின் தந்தை ஏகநாதன் போட்டி நடக்கும் கோல்ஃப் மைதானத்தின் நிர்வாகக் குழு உறுப்பினர் என்று தெரிந்ததும், அப்பாதுரை விடுப்பு எழுதிக் கொடுத்தார். மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் வர வேண்டாம் என்பாள்.

எப்போதாவது வர நேர்ந்தால் எப்படி நடக்க வேண்டும் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். கத்தக் கூடாது. அடிக்கும்போது அசையக் கூடாது. போனை அணைத்து வைக்க வேண்டும். இன்னொரு விதியை அவள் சொல்ல மறந்தாள். ஏரிக்கரை மைதானத்தில் வளர்ந்தவனுக்கு மட்டுமே சொல்ல வேண்டிய விதி அது.

காலர் வைத்த சட்டை இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள் என்பது வாசலிலேயே தெரிந்தது. அப்பாதுரைக்கு முதல் சந்தேகம் அங்கேயே பிறந்தது. ஆட்டத்தைப் பார்ப்பதற்குக் கண் போதாதா, கழுத்துப் பட்டியும் வேண்டுமா? உள்ளே நுழைந்தால் கண்ணுக்கு எட்டிய வரை பச்சை. கோடையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குக் காத்து நிற்கும் தெருக்களுக்கு நடுவே இவ்வளவு புல் எந்த நீரைக் குடித்து வளர்கிறது? ஏரி எத்தனை சுருங்கினால் ஒரு மைதானம் இத்தனை விரியும்? அவர் கேள்விகளுக்குப் பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. நீர் தெளிக்கும் குழாய் மட்டும் தன்பாட்டுக்குச் சுற்றியது.

இரண்டாவது சந்தேகம் பெரியது. நடுவர் எங்கே என்று பக்கத்தில் நின்ற ஒருவரைக் கேட்டார். மைதானம் முழுவதற்கும் ஒருவர் இருக்கிறார், கூப்பிட்டால் வருவார் என்றார் அவர். அப்படியானால் தப்பு செய்தால் யார் சொல்வது? ஆடுகிறவரே சொல்லிவிடுவார் என்று பதில் வந்தது. தெரியாமல் பந்து அசைந்தால்கூடத் தானே சொல்லி, தன் கணக்கில் ஓர் அடியைத் தானே கூட்டிக்கொள்வாராம். குறைந்த அடிகளில் முடிப்பவருக்கே வெற்றி என்ற ஆட்டத்தில், தனக்குத்தானே ஓர் அடியைக் கூட்டிக்கொள்ளும் மனிதர்! அப்பாதுரை மரியாதைக்குத் தலையாட்டினார். உலகத்தில் அப்படி ஒரு பிறவி இருந்தால் இத்தனை கட்சியும் சங்கமும் நீதிமன்றமும் எதற்கு என்று மனத்துக்குள் கேட்டுக்கொண்டார்.

மகளின் கண்ணில் படாமல் அன்று முழுவதும் அவர் பார்த்தது ஆட்டத்தை அல்ல, ஆட்களை. ஏகநாதன் யாரிடம் பேசுகிறார்? ஜெயஸ்ரீயின் பையைத் தூக்கி வருகிறவன் ஏன் அடிக்கடி குனிகிறான்? மரங்களுக்கு இடையே பந்து போனால் முதலில் ஓடுகிறவன் யார்? ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாதது அவருடைய சந்தேகத்தைக் குறைக்கவில்லை; இவர்கள் கைதேர்ந்தவர்கள் என்ற முடிவுக்கே கொண்டு சென்றது.

கடைசிக் குழிக்கு வந்தபோது இரு பெண்களும் சமமாக நின்றனர். அந்தக் குழிக்குச் செல்லும் வழியின் வலப்பக்கம் நெடுக வெள்ளைக் குச்சிகள் நட்டிருந்தன. அவற்றைத் தாண்டிப் பந்து போனால் எல்லைக்கு வெளியே. தண்டனையாக ஓர் அடியைக் கூட்டிக்கொண்டு, முதலில் அடித்த இடத்துக்கே திரும்பிப் போய் மறுபடி அடிக்க வேண்டும். குச்சிகளுக்கு அப்பால் கால்வாயோரச் சேறு, அதற்கப்பால் சுற்றுச்சுவர். கூட்டம் முழுவதும் குழியருகே சென்று கூடியது. அப்பாதுரை மட்டும் எதிர்த்திசையில் நடந்து அந்தச் சுவரோரம் தனியாகப் போய் நின்றார். யாரும் பார்க்காத இடத்தில்தானே காலால் பந்தை உள்ளே தள்ளுவார்கள்? எவனாவது தள்ளட்டும், பார்த்துவிடலாம்.

சினேகாவின் பந்து நேராகப் போனது. அடுத்து ஜெயஸ்ரீ அடித்தாள். அவள் பந்து வானில் வளைந்து, வலப்பக்கம் சாய்ந்து, ஒரு குத்துக் குத்தி, வெள்ளைக் குச்சியைத் தாண்டி, கருஞ்சேற்றில் வந்து அப்பாதுரையின் காலடியில் நின்றது.

ஏரிக்கரையில் பந்து காலடிக்கு வந்தால் என்ன செய்வார்கள்? யார் பந்து, எந்த அணி என்று எவரும் கேட்பதில்லை. எடுத்து எறிவார்கள். டீக்கடையில் நிற்பவனும் எறிவான். சைக்கிளில் போகிறவன் இறங்கி எறிவான். அப்பாதுரையின் உடம்பு அவருடைய மூளையைக் கேட்காமலே குனிந்தது. ஒரு கை எடுத்தது, வீசியது. ஈரப் புல்லில் உருண்டோடிய பந்து பளிச்சென்று நடுவழியில் போய் நின்றது. சேறான கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்ட பிறகே, தொலைவில் எல்லோரும் அசையாமல் தம்மைப் பார்த்துக்கொண்டிருப்பதை அவர் கண்டார்.

கூப்பிட்டால் வருவார் என்று சொல்லப்பட்ட நடுவர் வந்தார். பெயர் தனசிங், சிட்லபாக்கத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். கோபப்படவில்லை. பார்வையாளர் பந்தைத் தொட்டதால் ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை, பந்து முதலில் கிடந்த இடம் தெரிந்தால் போதும் என்று விளக்கிவிட்டுக் கேட்டார்.

"பந்து எங்க இருந்துச்சு சார்? குச்சிக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"அந்தப் பக்கம் சார். சேத்துல கெடந்துது."

குனிந்து பார்த்தார்கள். சேற்றில் பந்தின் தடம் இல்லை. எடுக்கப் போன அப்பாதுரையின் செருப்பே அதை மிதித்து அழித்திருந்தது. அதற்குள் ஏகநாதன் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். இவர் யார், இவர் பேச்சை எப்படி ஏற்பது என்று கேட்டார். அப்பாதுரை வாய் திறப்பதற்குள், பின்னால் வந்து நின்ற சினேகாவின் வாயிலிருந்து ஒரே சொல் விழுந்தது.

"அப்பா?"

அதன் பிறகு அங்கே எவருக்கும் அறிமுகம் தேவைப்படவில்லை. ஏகநாதன் சிரித்தார்.

"நல்லா இருக்கு சார். கூட்டத்தை விட்டுட்டு தனியா வந்து இங்க நிக்கிறாரு. பந்தை எடுத்து வீசிட்டாரு. இப்ப அவர் பொண்ணு ஜெயிக்கிற மாதிரி சாட்சியும் அவரே சொல்றாரு."

அப்பாதுரைக்குக் காது சுட்டது. ஏகநாதன் இடத்தில் தாம் இருந்திருந்தால், சொல்லுக்குச் சொல் இதையே சொல்லியிருப்போம் என்பது அவருக்குத் தெரியும். தனியாக நின்றது உண்மை. பந்தை எறிந்தது உண்மை. பலன் தம் வீட்டுக்கு வருவதும் உண்மை. இத்தனை உண்மைகளையும் கோத்துப் பார்த்தால் வருவது பொய். அதை எப்படி எடுத்துரைப்பது? ஐயம் கொள்வது அறிவின் தொடக்கம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஊரையே ஐயத்தில் நிறுத்தி, தன்னை மட்டும் அதிலிருந்து விலக்கி வைத்துக்கொள்பவன் அறிவாளி அல்லன், வெறும் கட்சிக்காரன். அன்றுவரை தாம் நின்ற இடம் எது என்பது, ஆள் மாறி நின்றபோதுதான் அந்த மனிதருக்குத் தெரிந்தது.

சினேகா நடுவரிடம் சென்று, பந்து உள்ளேயே இருந்ததாக வைத்துக்கொள்ளலாம், தனக்கு ஆட்சேபம் இல்லை என்றாள். அப்படி இருவரும் பேசி ஒரு விதியைக் கைவிட்டால் இருவரும் போட்டியிலிருந்தே நீங்க வேண்டியிருக்கும் என்றார் தனசிங். அப்போது ஜெயஸ்ரீ முன்னால் வந்தாள்.

"அங்கிள், நீங்க கண்ணால பாத்தீங்களா, இல்ல ஒரு குத்துமதிப்பா சொல்றீங்களா?"

"பாத்தேம்மா. குச்சியத் தாண்டி ரெண்டு மொழம் இருக்கும்."

அவள் அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தாள்.

"சரி," என்றாள்.

ஏகநாதன் அவளைத் தடுத்தார். அவள் நிற்கவில்லை. "அங்க நின்னது அவர்தாம்ப்பா. நானும் நிக்கல, நீங்களும் நிக்கல," என்று சொல்லிவிட்டு, தண்டனை அடியைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டு, முதலில் அடித்த இடத்துக்குத் திரும்பி நடந்தாள். நடுவரும் அவ்வாறே தீர்ப்புச் சொன்னார்.

சினேகா ஓர் அடி வித்தியாசத்தில் வென்றாள். கூட்டம் மெல்லக் கை தட்டியது. ஜெயஸ்ரீ வந்து கை கொடுத்தாள். சினேகாவின் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

ஸ்கூட்டரில் தந்தையைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலையில் வந்தவள் வண்டலூர் சிக்னலை நெருங்கினாள். அங்கே சிவப்பு விழுந்ததும், திரும்பாமலே கேட்டாள்.

"நிஜமாவே வெளியதான் இருந்துச்சா?"

"நீயே இன்னாம்மா இப்டி கேக்கற? அந்தப் பொண்ணே நம்பிச்சு."

"அவளுக்கு உன்னத் தெரியாதுப்பா. எனக்குத் தெரியும். கிரவுண்டுல அம்பயரா நின்னு நம்ம டீமுக்கு ஒரு அவுட்டாவது குடுத்திருக்கியா நீ?"

ஏரிக்கரை ஆட்டத்தில் மட்டை பிடிக்கும் அணியே நடுவரையும் அனுப்பும். அனுப்பப்படுகிறவர் தம் ஆளைக் காப்பாற்றுவார் என்பது எழுதாத சட்டம். அடுத்த அணி ஆடும்போது அவர்களும் அதையே செய்வார்கள். பீர்க்கன்கரணையில் அந்தக் கலையில் அப்பாதுரைக்கு இணையில்லை. மூன்று குச்சியும் பறந்தாலும் நோ பால் என்று சொல்லக்கூடியவர் என்று ஊரே சிரிக்கும். அந்தச் சிரிப்பைப் பாராட்டு என்றே அவர் இத்தனை காலம் எண்ணியிருந்தார். அதைக் கேட்டு வளர்ந்தவள் இந்த மகள்.

பையில் கைக்குட்டை இருந்தது; அதில் கால்வாயோரக் கருஞ்சேறு காய்ந்திருந்தது. எடுத்துக் காட்டக் கை போனது. பாதியிலேயே நின்றது. அவரே மகளாக இருந்தால் என்ன சொல்லியிருப்பார்? அப்புறமாத் தேச்சிருப்ப என்றுதான். கைக்குட்டை பைக்குள்ளேயே கிடந்தது. பச்சை விழுந்தது.

மாநில அணியின் சட்டை வீட்டுக்கு வந்தது. சினேகா அதை உறையைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்தாள். அந்த இடம் தனக்கு வேண்டாம் என்று திங்கட்கிழமை சொல்லிவிடப் போவதாகச் சாப்பிடும்போது தெரிவித்தாள். அப்பாதுரை வாதாடவில்லை. அவருக்கு வாதாடத் தெரியும்; நம்ப வைக்கத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் ஏரிக்கரையில் அவர் அம்பயராக நின்றார். அவர் அணியின் கடைசி ஆளான ஆல்வின் மட்டையுடன் இருந்தான். வெற்றிக்கு இன்னும் ஓர் ஓட்டம். எதிரணிப் பொன்னுசாமி வீசிய பந்து மட்டையின் ஓரத்தை மெல்ல உரசிவிட்டு விக்கெட் கீப்பரின் கைக்குள் போய் அடங்கியது. பொன்னுசாமி வாயைத் திறந்தான். எதிரில் நிற்பது அப்பாதுரை என்பது நினைவுக்கு வந்ததும் மூடிக்கொண்டு, அடுத்த பந்துக்காகத் திரும்பி நடந்தான்.

"பொன்னுசாமி, கேக்க மாட்டியா?"

பொன்னுசாமிக்குப் புரியவில்லை. ஏதோ கேலி என்றெண்ணி, அவுட்டா என்று ஒப்புக்குக் கேட்டான். அப்பாதுரை விரலை உயர்த்தினார்.

ஆல்வின் மட்டையை மண்ணில் குத்தினான்.

"அண்ணா, கோல்ஃப் பாக்கப் போய் கெட்டுப் போயிட்டியா? அவங்க கிட்ட இன்னா வாங்கின, சொல்லு."

பட்டது, அவ்வளவுதான் என்றார் அப்பாதுரை. சொந்த அணியே அவரைச் சூழ்ந்து சத்தம் போட்டது. விலை போய்விட்டார், மனிதரே மாறிவிட்டார், இனி இவரை நிறுத்தக் கூடாது என்று ஆளுக்கொன்று பேசினார்கள். அந்த இரைச்சலுக்கு மேலே கரையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"எட்ஜ்தான் ஆல்வின் அண்ணா. இங்க வரைக்கும் கேட்டுச்சு."

சினேகா ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தாள். அவர் வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த போன் அவள் கையில் இருந்தது. அப்பாதுரை கூட்டத்தை விலக்கிக்கொண்டு கரையேறிச் சென்று அதை வாங்கினார். அவள் அவரைக் கூர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை அவருடையதேதான். பாகத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் பார்வை.

"நான் நிக்கிறத பாத்துட்டுதானே வெரல தூக்கின?"

"உன்னப் பாக்கலம்மா."

கீழே ஆல்வின் இன்னும் திட்டிக்கொண்டிருந்தான். சினேகா சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பினாள். கால் ஊன்றியபடியே சற்று நேரம் யோசித்தாள்.

"சரி," என்றாள்.