முழங்கை வரை மருதாணி

பள்ளிக்கூடப் போட்டிக்காக, கல்யாணப் பெண்ணை நடுவில் உட்காரவைத்துச் சுற்றி ஆடும் ஒப்பனா ஆட்டத்தில் ஷஹ்மா சேர்ந்ததற்கு ஒரே காரணம் முழுக்கைச் சட்டை. திருவாதிரை ஆட்டத்துக்கும் கூப்பிட்டார்கள். அதில் கை தெரியும். இடது முழங்கைக்குக் கீழே, அவளே தன்னைக் காயப்படுத்திக்கொண்ட தழும்புகள் இருந்தன. சவுதியில் தம்மாமிலிருந்து உப்பா போனில் கத்த, இங்கிருந்து உம்மா திருப்பிக் கத்தும் நாட்களில், உள்ளே கொதிப்பதை அடக்க வேறு வழி தெரியாமல் செய்தது. பாவம், அடங்குவதோ கொஞ்ச நேரம்தான். பிறகு வெட்கமும் சேர்ந்துகொண்டு இரண்டு பங்காக வரும்.

ஆடுகிறவர்களுக்கு உள்ளங்கையில் ஒரு வட்டம் வைத்தால் போதும். நடுவில் உட்காரும் மணவாட்டிக்குத்தான் சட்டைக் கையை ஏற்றி, முழங்கை வரை மருதாணி. போட்டிக்கு முந்தின நாள் மணவாட்டிக்கு அம்மை போட்டுவிட்டது. "ஷஹ்மா உக்காரட்டும், முகம் பொருத்தமா இருக்கு" என்று சொல்லிவிட்டு டீச்சர் போய்விட்டார்.

மருதாணி வைப்பவள் ரம்ஸீனா. அவள் காதில் ஒரு விஷயம் விழுந்தால் மதியச் சோற்றுக்குள் மலப்புறம் முழுக்கத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட வாய்.

"கையை நீட்டுடி மணவாட்டி. மாப்பிள்ளை ஓடிடப் போறான்."

"மணிக்கட்டு வரைக்கும் போதும்டி."

"அங்க நிறுத்துனா மார்க்கும் அங்கயே நின்னுடும். சும்மா இரு!"

ரம்ஸீனா சட்டென்று அவள் சட்டைக் கையை ஏற்றினாள். அறையில் பத்துப் பெண்கள் வளையல்களைப் பங்கு போட்டுச் சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள். ஷஹ்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இனிப் பள்ளிக்கூடத்துப் பக்கமே தலைகாட்ட முடியாது.

சட்டைக் கை மெதுவாகக் கீழே இறங்கியது. கண்ணைத் திறந்தபோது ரம்ஸீனா மருதாணிக் கோனைத் தரையில் போட்டு மிதித்துக்கொண்டிருந்தாள்.

"அய்யோ, மிதிச்சுட்டேனே! இருக்கிறது இவ்வளவுதான், மணிக்கட்டோட சரி" என்று ஊருக்கே கேட்கக் கத்தினாள். பிறகு குனிந்து, ஷஹ்மாவுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "ஆறாத புண்ணுல மருதாணி பட்டா எரியும்டி."

மறுநாள் ஷஹ்மா சட்டைக் கையை ஏற்றாமலே உட்கார்ந்தாள். இரண்டாம் பரிசுதான் கிடைத்தது. மணவாட்டியின் கை மொட்டையாக இருந்ததாம். டீச்சர் முதல் எல்லோரும் ரம்ஸீனாவைத் திட்டித் தீர்த்தார்கள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் பதில் பேசவில்லை.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ஷஹ்மாவின் பின்னாலேயே வந்தாள்.

"உன் வீடு அந்தப் பக்கம்டி."

"தெரியும். உங்க உம்மாகிட்ட நீயே சொல்லிடு. நான் பக்கத்துல நிக்கிறேன். ஊருல வேற யாருக்கும் சொல்ல மாட்டேன், அல்லா மேல சத்தியம். ஆனா உங்க உம்மாகிட்ட மட்டும் என்னால மறைக்க முடியாது."

"அடிப்பாங்க."

"அடிச்சா நடுவுல விழுறேன். தடிச்சிதானே நான்."

ஷஹ்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கதவைத் திறந்த உம்மா, "பரிசு எங்கடி?" என்றாள். ரம்ஸீனா வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். ஷஹ்மா தன் சட்டைக் கையைத் தானே ஏற்றிக் காட்டினாள்.

உம்மா கத்தவில்லை. அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "எப்ப இருந்து மோளே?" என்று கேட்டாள்.

உள்ளே போன் அடித்தது. இந்த நேரத்துக்கு உப்பாதான். அடித்து, ஓய்ந்து, மறுபடியும் அடித்தது. உம்மா கையை விடவில்லை.