பதினெட்டு மீற்றர்

"அப்பா, அம்பு பட்ட மான் எவ்வளவு தூரம் ஓடும்?"

லக்‌ஷிகா இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. அப்போது அவர்கள் பிரான்சில் இருந்தார்கள். அங்கே அனுமதிப்பத்திரம் இருந்தால் வில்லால் வேட்டையாடலாம். அவளுடைய அப்பா சற்குணத்திடம் அது இருந்தது. முதல் நாள் மாலை, முப்பது மீற்றரில் நின்ற ஒரு பெண்மானை அவர் எய்திருந்தார். மான் அம்போடு ஓடிவிட்டது. அரை மணித்தியாலம் தேடினார். இறைச்சித் தொழிற்சாலையில் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதால் போய்விட்டார். "கன தூரம் ஓடாது, பிள்ளை" என்று மகளுக்குச் சொன்னார். அந்தக் காட்டுக்கு அவர் திரும்பிப் போகவேயில்லை. வேட்டையையும் அதோடு விட்டார்.

இப்போது லக்‌ஷிகா பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். சற்குணம் இல்ஃபோர்ட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் லண்டனின் கிழக்கு ஓரத்திலுள்ள ஒரு கிளப்பில் மரவில்லால் அம்பெய்யப் பழக்குகிறார். இந்த நாட்டில் மானை வில்லால் எய்வது குற்றம். அதனால் கிளப் காணியில், மரங்களுக்கு நடுவே, ஃபோமில் வார்த்த பொம்மை மான்களை நிறுத்தி எய்வார்கள்.

அந்தச் சனிக்கிழமை காலை சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, தேநீரோடு உட்கார்ந்து போனைத் திறந்தார். கிளப்பிலுள்ள தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் தர்சிகன் ஒரு வீடியோ போட்டிருந்தான். ஹரோல்ட் ஹில்லில் அவனுடைய வீட்டுத் தோட்டம். வேலிக்கு அப்பால் புல்வெளியில் ஒரு பெண்மான் மேய்கிறது. நாண் அதிர்கிறது. மான் துள்ளித் திரும்புகிறது. அம்பு அதன் பின்தொடையில் ஏறுகிறது. இரண்டு வெள்ளை இறகு, ஒரு சிவப்பு இறகு: சற்குணம் தன் கையால் ஒட்டிக்கொடுத்த அம்பு. கீழே, "38 மீற்றர்! இண்டைக்கு விடிய" என்று எழுதி மூன்று சிரிப்பு முகங்கள்.

சற்குணம் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். ஹரோல்ட் வூட் ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடித்துத் தர்சிகனின் கதவைத் தட்டினார்.

"வாங்கோ அண்ணை! வீடியோ பாத்தனீங்களே? கிளப்பிலை வேறை ஒருத்தருக்கும் ஏலாது."

"அது இப்ப எங்கை?"

"எது?"

"மான்."

"அது ஓடியிட்டுது. சும்மா ஒரு கீறல்தான் அண்ணை."

"அம்பு உன்ரை தோட்டத்திலை கிடக்கே?"

தர்சிகன் வேலிப் பக்கம் பார்த்தான்.

"கிடக்கேல்லை. அப்ப அது அந்தச் சீவன்ரை உடம்பிலை கிடக்கு. மடையா, நாண் சத்தம் கேட்டவுடனை மான் திரும்பும். பதினெட்டு மீற்றரெண்டால், அது திரும்ப முன்னம் அம்பு போய்ச் சேரும். முப்பத்தெட்டிலை நீ குறிபாத்த மான் அந்த இடத்திலை நிக்குமோ? வேட்டைக்காரன் இருவதுக்கு மேலை நாணை இழுக்கமாட்டான். பசிக்கிறவனே இழுக்கமாட்டான். நீ மூண்டு சிரிப்பு முகத்துக்காக இழுத்தனீ!"

தர்சிகனின் முகம் சிவந்தது. "பொம்மை மானை முப்பத்தெட்டிலை வைச்சது ஆர்? போன மாசம் நான் அதின்ரை நெஞ்சிலை அடிக்க, 'அப்பிடித்தான் ராசா' எண்டு கை தட்டினது ஆர்?"

இரண்டையும் செய்தது சற்குணம்தான். போட்டிக்காக வைத்த தூரம் அது. பொம்மை மானுக்குக் காது கேட்காது என்பதை அவர் ஒருவருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

அவர் தலை குனிந்ததும் தர்சிகனுக்குத் துணிவு கூடியது. "ஒரு மானுக்கு இந்தக் கத்துக் கத்துறியள். இறைச்சி வெட்டித்தானே பிள்ளையை வளத்தனீங்கள்?"

"ஓம், வெட்டினனான். ஆனால் ஒண்டையும் அரை உயிரிலை விட்டிட்டுப் போகேல்லை!"

சொல்லி முடித்த பிறகுதான் அது பொய் என்று அவருக்கு உறைத்தது. அதற்குப் பிறகு அவருடைய குரல் உயரவில்லை. கோபம் மட்டும் குறையாமல் இருந்தது. அது யார்மேல் என்பதுதான் இப்போது அவருக்குத் தெரியவில்லை.

"நாளைக்குப் பத்து மணிக்குள்ளை பொலிசிலை நீயாப் போய்ச் சொல்லு. இல்லாட்டி நான் சொல்லுவன்."

"என்ரை சிற்றிசன்சிப் விண்ணப்பம் இன்னும் முடிவாகேல்லை, அண்ணை..."

"அதை நாண் இழுக்க முன்னம் யோசிச்சிருக்கவேணும்."

அவர் வெளியே இறங்கி நடந்தார். வாசல் படலையடியில் தர்சிகனின் மனைவி குமுதினி ஓடிவந்து, ஒரு ஃபிளாஸ்க்கை அவர் கையில் திணித்தாள்.

"தேத்தண்ணி. நான் குசினி யன்னலாலை பாத்தனான், அண்ணை. இடப்பக்கம், ஓடைப் பக்கமாப் போனது. வலது பின்னங்காலை ஊண்டேல்லை. நீங்கள் அதைப் பாருங்கோ. இவரைப் பொலிசுக்கு நான் கூட்டிக்கொண்டு போறன்."

தோட்ட வேலிக்கு அப்பால் போய், அங்கிருந்து சற்குணம் காலடி எண்ணத் தொடங்கினார். ஓடைக்கரையில், தொட்டால் சுணைக்கும் காஞ்சோண்டி இலையில் ஒரு சொட்டு இரத்தம். பிறகு நூறு அடிக்கு ஒன்றுமில்லை. திரும்பி வந்து, கடைசிச் சொட்டிலிருந்து மறுபடி தொடங்கினார். முழங்கால் சேற்றில் தோய்ந்தது. முள் கையைக் கிழித்தது. நாய் பிடித்துக்கொண்டு போன ஒருவர் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டபோது, தொலைத்த ஒன்றை என்று சொன்னார்.

ஆயிரத்து இருநூற்று நாற்பதாவது அடியில், முட்பற்றைக்குள் இரண்டு காதுகள் தெரிந்தன.

மான் படுத்திருந்தது. உயிர் இருந்தது. சிவப்பு இறகு மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கியது. எழும்ப முயன்று, முடியாமல் அவரையே பார்த்தது. சற்குணம் முதுகைக் காட்டாமல் மெல்ல மெல்லப் பின்வாங்கினார். ஓரிடத்துக்கு வந்ததும் மானின் பயம் தணிந்து தலை தாழ்ந்தது. அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்தார். கண் தானாக அளந்தது: பதினெட்டு மீற்றர்.

விலங்கு மீட்பவர்களுக்குப் போன் எடுத்துத் தாழ்ந்த குரலில் இடத்தைச் சொன்னார். அம்பு தான் செய்தது என்றும், எய்தவர் நாளைக்குள் சொல்லாவிட்டால் தானே சொல்வதாகவும் சொன்னார். மருத்துவர் வர ஒன்றரை மணித்தியாலமாவது ஆகும், பிழைக்குமா என்பது பார்த்தால்தான் தெரியும், நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை என்றார்கள்.

பன்னிரண்டு மணிக்கு அவருக்கு ஷிப்ட் இருந்தது. இன்றைக்கு வரேலாது என்று சூப்பர்வைசருக்கு ஒரு வரி அனுப்பிவிட்டுப் போனின் சத்தத்தை அணைத்தார். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு, மான் மூச்சு விடுவதைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார்.