படியில் உட்கார்ந்துவிட்ட ரிப்போர்ட்

எங்கள் ஊர் பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் ரிப்போர்ட்டுகள் தங்கள் காலால் நடந்துதான் டாக்டர்களிடம் போகும். கையெழுத்துப் போட்டு மேசையோரம் வைத்தால் போதும். தாள் தானாக இறங்கி, இரண்டு வெறுங்கால்களை ஊன்றி, கதவைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிடும். லிஃப்ட் ஸ்ட்ரெச்சருக்கு மட்டும் என்று எழுதிப் போட்டிருப்பதால் படியில்தான் ஏறும்.

யாரும் அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. தூக்கினால் போய்ச் சேரும்போது வெறுந்தாளாக இருக்கும். ஸ்கேன் டாக்டர் போனில் சொன்னாலும், நேரில் போய் வாயால் சொன்னாலும், கேட்கிற டாக்டரின் காதில் யாரோ படியேறுகிற சத்தம்தான் விழும். எத்தனையோ பேர் முயன்று பார்த்துவிட்டார்கள். ஆகவே எழுதும்போதே ஒழுங்காக எழுதவேண்டும், அவ்வளவுதான்.

வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று எழுதின ரிப்போர்ட் இரண்டிரண்டு படியாகத் தாவும். ஒரு ‘இருக்கலாம்’ சேர்ந்தால் அரைக் கிலோ எடை கூடும். ‘மற்றப் பரிசோதனைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்’ என்று எழுதினால் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று வழி கேட்கும். ‘இல்லை என்றும் சொல்வதற்கில்லை’ என்ற வாக்கியம் இருக்கிறதே, அது முழங்காலைப் பிடித்துக்கொள்ளும்.

ஸ்கேன் டாக்டர் எஸ்தர் கனகமணியின் ரிப்போர்ட்டுகள் இந்த மூன்றையும் சுமந்துகொண்டுதான் போகும். “எஸ்தரம்மா ரிப்போர்ட்டா? அப்போ டீ குடிச்சிட்டு வரலாம்” என்பார்கள் மூன்றாவது மாடி சிஸ்டர்கள். எஸ்தர் காதுக்கும் அது வந்திருக்கிறது. கெட்டிக்காரர் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. படத்தைப் பார்த்தவுடன் அவருக்குத் தெரிந்துவிடும். எழுத உட்கார்ந்தால்தான் வழவழா கொழகொழா.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் அப்படி இல்லை. அப்போது பவளம் என்ற பெண்ணின் படத்தைப் பார்த்துவிட்டு, ‘இடது சிறுநீரகத்தில் கட்டி. எடுக்கவேண்டும்’ என்று இரண்டே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். ரிப்போர்ட் பாய்ந்து போனது. அது போன பிறகுதான் உறைக்குள்ளிருந்து பவளத்தின் பழைய படம் நழுவி விழுந்தது. அதிலும் அந்த இடம் அப்படியேதான் இருந்தது. சில பேருக்குச் சிறுநீரகத்தில் பிறவியிலேயே ஒரு மேடு இருக்கும். அதைத்தான் கட்டி என்று எழுதியிருந்தார். எழுதினவரே அடித்துத் திருத்தலாம், ஆனால் பிடித்தால்தானே அடிக்க? மூன்று மாடியும் பின்னால் ஓடினார். எட்டவில்லை. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்று தொண்டை வறளச் சொன்னார். உள்ளே இருந்தவர்களுக்குக் காலடிச் சத்தம் கேட்டது.

நல்ல சிறுநீரகம் போய்விட்டது. பவளத்துக்கு இன்றுவரை அது தெரியாது. ஆஸ்பத்திரி வாசலில் கொய்யாக்காய் வண்டி போட்டிருக்கிறார். காலையில் எஸ்தர் உள்ளே நுழையும்போதெல்லாம் நல்ல காயாகப் பொறுக்கி, கீறி, மிளகாய்ப்பொடி தடவிக் கொடுப்பார். “நீங்க மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லலைன்னா நான் இன்னிக்கு ஏதும்மா?” என்பார். எஸ்தர் வாங்கிக்கொள்வார். அந்தக் காய் ஒரு நாளும் அவர் தொண்டையில் இறங்கினதில்லை.

அந்த ரிப்போர்ட் பிறகு ஓட்டத்தை நிறுத்தவில்லை. தினமும் மதியம் ஒரு மணிக்கு ஸ்கேன் அறை வாசலைத் தாண்டி ஓடும். ஆட்கள் ஒதுங்கி வழி விடுவார்கள்.

போன செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குச் சுடலைக்கண்ணு என்ற பஸ் கண்டக்டரைக் கொண்டுவந்தார்கள். பிரேக் போட்டபோது படிக்கட்டிலிருந்து விழுந்து, இடது விலாவில் சிமெண்டுக் கல் குத்தியிருந்தது. எழுந்து தட்டிவிட்டுக்கொண்டு, கடைசி ஸ்டாப் வரை டிக்கெட் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். ஸ்கேன் மேசையிலும் தோல்பையைக் கழற்ற மாட்டேன் என்றார். அவர் மனைவி செண்பகவடிவு அதைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“மூச்சை இழுத்துப் பிடிங்க” என்றார் எஸ்தர்.

பிடித்தார்.

“இப்போ விடலாம்.”

படம் பளிச்சென்று இருந்தது. மண்ணீரல் கிழிந்து, வயிற்றுக்குள் ரத்தம் தேங்கிக்கொண்டிருந்தது. எஸ்தர் பேனாவை எடுத்தார். ‘மண்ணீரலில் கிழிசல் இருக்கலாம். ரத்தக்கசிவாகவும் இருக்கலாம். இல்லை என்றும் சொல்வதற்கில்லை. மற்றப் பரிசோதனைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்’ என்று எழுதினார். கை பழகின பழக்கம். ரிப்போர்ட் மேசையிலிருந்து இறங்கி, கதவுவரை போகவே இரண்டு தடவை நின்றது.

பன்னிரண்டே காலுக்கு மூன்றாவது மாடியிலிருந்து போன் வந்தது. “அம்மா, பிரஷர் எண்பதுக்கு இறங்கிடுச்சு. மீரான் சார் கையைக் கழுவிட்டு நிக்கிறாங்க. ரிப்போர்ட் இன்னும் வரலை” என்றார் சிஸ்டர்.

“கிளம்பி ஒரு மணி நேரமாச்சே” என்றார் எஸ்தர். அந்தப் பக்கம் அது காலடியாகத்தான் கேட்டிருக்கும்.

“யாரோ ஏறி வர்ற மாதிரி இருக்கு. வந்ததும் பார்க்கோம்” என்று சிஸ்டர் போனை வைத்தார். சர்ஜன் செய்யது மீரான் நல்ல மனிதர். ஆனால் ரிப்போர்ட் கைக்கு வராமல் கத்தியை எடுக்க மாட்டார். ஆஸ்பத்திரியில் எல்லா சர்ஜன்களுக்கும் அதுதான் சட்டம்.

எஸ்தர் போனை வைத்துவிட்டுக் கிளம்பினார். படியேறினார். முதல் மாடித் திருப்பத்தில் இல்லை. இரண்டாவது மாடிக்கு ஆறு படி இருக்கும்போது, சுவரோரமாக உட்கார்ந்து ரிப்போர்ட் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் தோல்பையோடு செண்பகவடிவு உட்கார்ந்திருந்தார்.

“மேலே பார்க்கவும் முடியலை, கீழே வரவும் முடியலை. அதான் இதுக்குத் துணையா உட்கார்ந்துட்டேன்” என்றார் செண்பகவடிவு. “ரொம்பக் கனமா இருக்கும் போலம்மா. என்ன எழுதியிருக்கீங்க?”

எஸ்தர் படியில் உட்கார்ந்து, ரிப்போர்ட்டைத் தூக்காமல், அது இருந்த நிலையிலேயே பேனாவை வைத்தார். பேனா உடனே நகரவில்லை. திரும்பவும் தப்பாகிவிட்டால் என்ன செய்வது என்றுதான் பயம். வேறென்ன? ஆனால் படம் கண்ணுக்குள் நின்றது. அதில் தப்பில்லை. முதல் ‘இருக்கலா’மை அடித்தார். அது கழன்று படியில் விழுந்தது. ரிப்போர்ட் ஒரு காலை நீட்டியது. இரண்டாவதையும் அடித்தார். ‘சொல்வதற்கில்லை’யை அடித்தபோது அது எழுந்து நின்றது. ‘ஒப்பிட்டுப் பார்க்கவு’மை நின்றபடியே அடித்தார்.

அடியில் எழுதினார்: ‘மண்ணீரல் கிழிந்திருக்கிறது. ரத்தம் கசிகிறது. இப்போதே திறக்கவேண்டும்.’ வழக்கமான கிறுக்கலாக இல்லாமல் முழுப்பெயரையும் போட்டார்.

ரிப்போர்ட் போன வேகத்தில் செண்பகவடிவின் முந்தானை பறந்தது.

படியில் கிடந்த வார்த்தைகளை அப்படியே விட்டுவரலாமா? ஏறி இறங்குகிறவர்கள் இடறி விழுவார்கள். எஸ்தர் எல்லாவற்றையும் பொறுக்கிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். பை தொங்கியது. பிறகு செண்பகவடிவின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு ஐம்பதுக்கு மேலிருந்து சிஸ்டர் எட்டிப் பார்த்தார்.

“ரத்தம் நின்னுடுச்சு. பிழைச்சுக்கிட்டார். முழிச்சதும் பை எங்கேன்னு கேட்பாராம், பத்திரமா வச்சிருக்கச் சொன்னார் சார்.”

செண்பகவடிவு தோல்பையில் முகத்தை வைத்து அழுதார். எஸ்தருக்கும் அழுகை வந்தது. கீழே இறங்கி வரும்வரை அடக்கிக்கொண்டார்.

ஒரு மணிக்குப் பவளத்தின் பழைய ரிப்போர்ட் ஓடி வந்தது. எல்லோரும் ஒதுங்கினார்கள். எஸ்தர் ஒதுங்கவில்லை. பைக்குள்ளிருந்து ஓர் ‘இருக்கலா’மை எடுத்து நீட்டினார். அது ஓட்டத்திலேயே வாங்கிக்கொண்டது. நாலடி போனது, நடையாயிற்று, திரும்பி வந்து, பெஞ்சில் கடைசி நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. ஓரமெல்லாம் கிழிந்து, பாதம் வெடித்துப்போயிருந்தது.

இருந்த மூன்று பேரையும் பார்த்து முடித்துவிட்டு, “அடுத்து வாங்க” என்றார் எஸ்தர்.

ரிப்போர்ட் உள்ளே வந்து மேசையில் மல்லாந்து படுத்தது.

“மூச்சை இழுத்துப் பிடிங்க.”

மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. தாள் அசையாமல் பிடித்துக்கொண்டது.

“இப்போ விடலாம்.”

திரையில் பவளத்தின் சிறுநீரகம் தெரிந்தது. இடது பக்கம் அந்த மேடு அப்படியே இருந்தது. எஸ்தர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ரிப்போர்ட்டைக் குப்புறப் படுக்கச் சொல்லி, அதன் முதுகில் எழுதினார்: ‘இது கட்டி இல்லை. பிறவி மேடு. சிறுநீரகம் நன்றாக இருந்தது. தப்பு என்னுடையது.’ முழுப்பெயரையும் போட்டார்.

ரிப்போர்ட் இறங்கி, படிப்பக்கம் திரும்பாமல் ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்து நடந்தது. அவசரமில்லாத நடைதான். எஸ்தர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுப் பின்னாலேயே போனார். இந்தத் தடவை ஓடவேண்டியிருக்கவில்லை.

பவளம் அவர்கள் வருவதைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு, வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு ஸ்டூல்களை இழுத்துப் போட்டார்.