ஃபாரின் குக்கரின் தர வேறுபாடு

உள்நாட்டுத் தொழிற்சாலைப் பொருள்களின் விலையை வெளிநாட்டு விலையோடு ஒப்பிட ஒரு குறியீட்டெண் தயாரித்துக்கொண்டிருந்தேன். உள்நாட்டு விலைக்காகத் திருவனந்தபுரத்து ஆரியசாலைக் கடைகளில் ஏறி இறங்கினேன். வெளிநாட்டு விலைக்கு மஸ்கட்டில் இருக்கும் மைத்துனன் ஷிபின் போதும் என்று விட்டுவிட்டேன். எங்கள் ஊரில் விமானத்தில் வந்து இறங்கியதெல்லாம் ஃபாரின்தான். பொருளியலில் டாக்டர் பட்டம் வாங்கிய எனக்கும் அதற்கு மேல் ஆராயத் தோன்றவில்லை.

ஷிபின் விலைகளோடு ஒரு பிரஷர் குக்கரையும் கொடுத்தனுப்பினான். ஆரியசாலைக் குக்கரின் விலையை நூறு என்று வைத்தால், அதன் விலை நூற்று நாற்பது வந்தது. அந்த நாற்பது எங்கிருந்து வந்தது என்று தெரியாததால், எங்கள் தொழில் வழக்கப்படி ‘தர வேறுபாடு’ என்று எழுதினேன். கருத்தரங்கில் கை தட்டினார்கள். அந்தக் குக்கரில் வைத்த சாம்பாருக்குத் தனி மணம் என்றுகூட வீட்டில் சொல்லித் திரிந்தேன்.

நேற்று குக்கரைக் கவிழ்த்துத் தேய்த்துக்கொண்டிருந்த என் மனைவி ஜெயஷீலா கூப்பிட்டாள்.

“இஞ்ச வாங்க. அடியில கோயம்புத்தூர்னுல்லா போட்டிருக்கு!”

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். ஆரியசாலைக் குக்கரைச் செய்த அதே தொழிற்சாலை.

“மஸ்கட் போயிட்டு வந்தா மட்டும் வெல கூடிருமா?” என்று முனகினேன்.

“கூடாம பின்ன? லண்டன்ல ஒரு வருசம் இருந்துட்டு வந்தவருன்னுதானே எங்கப்பா என்னை ஒங்களுக்குக் கெட்டிக் குடுத்தாரு. அந்தத் தர வேறுபாட்டை நானும் இன்னும் தேடிட்டுதான் இருக்கேன்.”