மஞ்சள் தொட்ட கவுன்

வெள்ளைக்காரத் துரைசாணியின் மகளுக்கான வெள்ளைக் கவுனை மடியில் விரித்துப் போட்டு, வலைத்துணியின் இழைகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தாள் புஷ்பவள்ளி. கவுன் துணி நெருக்கமான நெசவு, அதில் இழை எண்ணித் தைக்க முடியாது. அதனால் மேலே ஒரு வலைத்துணியை வைத்து ஓட்டுத்தையல் போட்டு, அதன் கண்களை எண்ணிப் பெருக்கல் குறிகளாகவே சிவப்புப் பூக்களைத் தைத்திருந்தாள். இப்போது தண்ணீர் தொட்டு ஈரமாக்கி வலையை இழை இழையாக இழுத்தால், வலை போய்ப் பூ மட்டும் நிற்கும். ரப்பர்ப் பால் உறையவைக்கும் திராவகம் பட்டு வெடித்த விரல்கள் துணியில் மாட்டிக்கொண்டே இருந்தன.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டு அம்மா கமலாம்பிகை குடையோடு கூலிக்காரர் லயத்து வாசலில் வந்து நின்றாள். யாழ்ப்பாணத்துக்காரி. இந்தத் தையலைக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். அவள் வீட்டுப் பிள்ளையின் சட்டையில் புஷ்பவள்ளி போட்ட பூவைப் பார்த்துத்தான் துரைசாணி ஒரு கவுனை மாதிரிக்குக் கொடுத்தனுப்பியிருந்தாள்.

"முடிஞ்சுதோ?"

"இன்னும் ஒரு பூவு இருக்கும்மா."

"கெதியாச் செய். துரைசாணிக்கு இது பிடிச்சுதெண்டால் உன்னைப் பங்களாவிலையே தையலுக்கு வைச்சிருப்பா. பிறகு உன்னைக் கப்பலிலை ஏத்தமாட்டினம்."

ரப்பர் விலை விழுந்ததிலிருந்து தோட்டத்தில் பாதி மரங்களில் பால் சீவுவது நின்றுவிட்டது. ஆட்களைக் குடும்பம் குடும்பமாக லாரியில் ஏற்றிக் குளுவாங் ஸ்டேஷனுக்கும் அங்கிருந்து ஊருக்குத் திரும்பும் கப்பலுக்கும் அனுப்பினார்கள். அடுத்த லாரி புஷ்பவள்ளிக்கு. அவள் புருஷன் தங்கராஜு காலில் புண் அழுகித் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவன் எழுந்து நடமாடினால் அடுத்த கப்பலில் அனுப்புகிறோம் என்றார்கள் ஆபீசில். நடமாடாவிட்டால் என்ன என்று யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த மண்மேடுகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதுமில்லை. மருந்து கட்டுகிறவன் காலையில் ஒரு தரம் வருவான். மற்றபடி கஞ்சி ஊட்டுவதும் புரட்டிப் படுக்கவைப்பதும் அவள்தான்.

அன்று காலையிலும் அவன் கேட்டான். "நீ போயிட்டா?"

"யாரு போறா? நான் போவல. நீங்க கஞ்சியக் குடிங்க."

கடைசி இழையும் வந்தது. கவுனைத் தூக்கிப் பார்த்தாள். விளிம்பைச் சுற்றி ஒன்றுபோல் ஓடின பூக்கள். அவளுக்கே ஆசையாக இருந்தது. சின்னப் பிள்ளை உடுத்தும் புதுத்துணி. புதுத்துணியின் மூலையில் மஞ்சள் தொடாமல் அவள் யாருக்கும் கொடுத்ததில்லை. கை தானாக அம்மிக்குப் போயிற்று. விளிம்பின் உள்பக்கமாக, வெளியே தெரியாதபடி, ஒரு விரல் மஞ்சள். "நல்லா இரு தாயி" என்று சொல்லிக்கொண்டே ஈரம் காயாத கவுனை மடித்தாள்.

பங்களாவின் பின்வாசலில், கமலாம்பிகையும் கூட நிற்க, துரைசாணி மடிப்பைப் பிரித்தாள். பூக்களைத் தடவிப் பார்த்துத் தலையசைத்தாள். புஷ்பவள்ளிக்கு உயிர் வந்தது. பிறகு துரைசாணியின் கை நின்றது. ஈரத்தில் ஊறிய மஞ்சள் வெளிப்பக்கம் வரை பரவி, பூவுக்குப் பக்கத்தில் திட்டாகத் தெரிந்தது.

"கோத்தோர்!" என்றாள் துரைசாணி. அழுக்கு என்பதற்கு வேலைக்காரர்களிடம் அவள் சொல்கிற மலாய் வார்த்தை. சவுக்காரம் கொண்டுவரச் சொல்லித் தானே தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க மஞ்சள் ரத்தமாகச் சிவந்தது. துரைசாணி கையை உதறிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"அது மஞ்சம்மா! சவுக்காரம் பட்டாச் செவக்கும். வெயில்ல போட்டா இருந்த எடம் தெரியாமப் போயிரும். சொல்லுங்கம்மா, நீங்க சொல்லுங்க!" புஷ்பவள்ளி கமலாம்பிகையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

துரைசாணி கமலாம்பிகையிடம் இங்கிலீஷில் என்னவோ கேட்டாள். கமலாம்பிகை தரையைப் பார்த்தபடி சின்னதாக ஒரு பதில் சொன்னாள். அவ்வளவுதான். கதவு சாத்திக்கொண்டது.

இருவரும் பங்களா மேட்டிலிருந்து இறங்கினார்கள்.

"தொரசாணி என்னம்மா கேட்டாங்க?"

"உனக்கு ஆர் தையல் பழக்கினது எண்டு."

"நீங்க?"

"தெரியாதெண்டு சொல்லிப்போட்டன்." என்றாள் கமலாம்பிகை. "போன மாசம்தான் சின்னக் கிராணியை நிப்பாட்டினவை. எங்கடை அவரையும் நிப்பாட்டினால் நாங்கள் பிள்ளையளோடை எங்கை போறது? கோவியாதை, புஷ்பவள்ளி."

"மஞ்சளு துணிக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா."

கமலாம்பிகை குடையை விரித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அவள் சேலை முந்தானையின் மூலையிலும் பழைய மஞ்சள் மங்கலாகத் தெரிந்தது.

புஷ்பவள்ளி ஆபீஸ் வாசலில் போய் விழுந்து பார்த்தாள். கமலாம்பிகையின் புருஷன் கிராணி சோமசேகரம் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். லாரி வருகிற காலையில் அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தங்கராஜுவைத் துடைத்து, துணி மாற்றி, கட்டிலை ஒட்டித் தண்ணீர்ச் சட்டியை வைத்தாள்.

"கை எட்டுதா பாருங்க."

அவன் கையை நீட்டினான். விரல் நுனி சட்டியில் பட்டது.

"எட்டுது" என்றான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் சட்டியை இன்னும் கொஞ்சம் நெருக்கி வைத்தாள். வெளியே லாரிக்காரன் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான்.

லாரி பங்களா வளைவில் மெதுவாகத் திரும்பியது. மூட்டைகளுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள் புஷ்பவள்ளி. புல்வெளியில் துரைசாணியின் மகள் பந்தோடு ஓடிக்கொண்டிருந்தாள். அதே கவுன். கொடியில் ஒரு நாள் வெயில் பட்டிருக்க வேண்டும். விளிம்பைச் சுற்றிச் சிவப்புப் பூக்கள் பளிச்சென்று இருந்தன. புஷ்பவள்ளி எட்டி எட்டி அந்த ஒரு மூலையை மட்டும் தேடினாள். வெள்ளைவெளேரென்று இருந்தது.

பிள்ளை ஓட்டத்தை நிறுத்தி, லாரியைப் பார்த்துக் கையாட்டியது.