காலியாக வந்த நீர்மட்டம்

1.
இந்தக் கதை நான் எழுதிய ஒரே ஒரு வரியிலிருந்து வந்தது. ஆற்று நீர்மட்டம் காட்டும் ஒரு போன் ஆப்புக்காக எழுதிய வரி. மறைத்துப் பயனில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2.
முதல் தொடக்கம்: 'எங்கள் ஊர் உறுவையாற்றில் அன்று மழை விட்டிருந்தது. ஆதிமூலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு...' (வேண்டாம். அவர் சைக்கிள் ஓட்டி நான் பார்த்ததே இல்லை.)

இரண்டாவது தொடக்கம்: மேலே அணைக்கட்டில் ஒரு அளவுமானி இருக்கிறது. அது சொல்லும் நீர்மட்டத்தை எங்கோ இருக்கும் சர்வர் மூட்டை கட்டி அனுப்பும். போனில் இருக்கும் ஆப் அதைப் பிரித்துக் காட்டும். பிரிக்கிற வேலை என்னுடையது. சில நேரம் மூட்டை காலியாக வரும், ஆப் அப்படியே நின்றுவிடும். அதனால், காலியாக வந்தால் பூஜ்யம் என்று காட்டு என ஒரு வரி சேர்த்தேன். அதன்பிறகு ஆப் நிற்கவில்லை. மேனேஜர் பாராட்டினார். மூலக்குளம் ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பரோட்டா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

(பூஜ்யம் என்றால் தண்ணீர் இல்லை. காலி என்றால் தெரியவில்லை. இந்த வித்தியாசம் எனக்கு அப்போதே தெரியும். அதுதான் தூங்கவிடாமல் செய்கிறது.)

3.
ஆதிமூலம் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், கரும்பு போடுகிறவர். அவர் போனில் ஆப்பை ஏற்றிக் கொடுத்தவனும் நான்தான். ஐப்பசி மழையில் மேலே வந்த வெள்ளம் அளவுமானியையே அடித்துக்கொண்டு போனது. சர்வர் காலியாக அனுப்பியது. ஆப் பூஜ்யம் என்று காட்டியது. அவர் அவசரமில்லாமல் ஆற்றுக்குள் இறங்கி, கரும்புக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தார். கடைசி நட்டைத் திருகும்போது வெள்ளம்

(நாலு முறை எழுதியும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. இருக்கட்டும்.)

4.
வேறு முடிவும் எழுதிப் பார்த்தேன். போனில் சார்ஜ் இல்லை, அவர் ஆற்றுக்குப் போகவில்லை, வீட்டில் உட்கார்ந்து டீ குடிக்கிறார். எழுதி முடித்தபோது பக்கத்து வீட்டில் அவர் மனைவி தனக்கொடி அக்கா ஒரே ஒரு டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. தாளைக் கிழித்துவிட்டேன்.

5.
கருமாதி முடிந்த மறுநாள் அக்கா அந்தப் போனை எடுத்துக்கொண்டு வந்தார்.

"நீ கம்ப்யூட்டர் படிச்சவன் தம்பி. சைபர்னு போட்டிருக்கு, தண்ணி இல்லன்னு சொல்லிட்டுதான் போனாரு. அவரு தப்பா பாத்துட்டாருன்னு ஊரே சொல்லுது. நீ சொல்லுப்பா, தப்பாத்தான் பாத்தாரா?"

நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு என் மௌனத்தை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

6.
நான் அக்கா வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்வது இங்கே வரவேண்டும். கீழே இடம் விட்டிருக்கிறேன். காலியாக இருப்பதால் போகமாட்டான் என்று முடிவு கட்டாதீர்கள். போய்விட்டான் என்றும் நினைக்காதீர்கள். எனக்கே இன்னும் தெரியவில்லை.

(                    )